சொந்தமாகக் கட்டும் விமானத்தில் இறக்கை டேங்க்: கசியும் என்று நினைத்தே கட்டுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. இரண்டு பேர் உட்காரும் தாழ்ந்த இறக்கை விமானம், அலுமினியத் தகடு, சொந்த வரைபடம், 160 குதிரைத்திறன் லைக்கமிங் எஞ்சின். பெட்ரோலைப் பக்கத்துக்கு 80 லிட்டராக இரண்டு இறக்கைகளிலும் வைக்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பையே அடைத்து டேங்க் ஆக்குவதா, வெல்டிங் செய்த பெட்டியைச் செய்து உள்ளே நுழைப்பதா? எப்படி அடைப்பது, எப்படிச் சோதிப்பது?

முன்விளிம்பையே டேங்க் ஆக்குங்கள் என்பது என் பதில். ஆனால் இறக்கையிலிருந்து தனியாகக் கழற்றி மேசைமேல் வைக்க முடிகிற மாதிரி செய்யுங்கள். நான் டெக்சாஸில் ஒரு ஹாங்கரில் ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தைக் கட்டியவன். நண்பர்கள் இருவர் கட்டியபோதும் கூட நின்றிருக்கிறேன். மொத்தம் ஆறு டேங்க். அதில் இரண்டு கசிந்தன, ஒன்று என்னுடையது. கவனமாகச் செய்தால் கசியாது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என்றாவது ஒருநாள் இதைத் திறக்க வேண்டிவரும் என்று முதல் கோட்டிலேயே எண்ணி வரைந்துகொண்டால் மற்ற முடிவுகள் பலவும் தாமாக வந்து விழும்.

முதலில் எடைக் கணக்கு. விமானப் பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ. 160 லிட்டர் என்றால் 115 கிலோ, அதாவது வாட்டசாட்டமான மூன்றாவது ஆள். அவரை இருக்கைக்கு முன்னால் மடியில் உட்கார வைப்பதைவிட இறக்கையில் பிரித்து வைப்பது நல்லது. மேலே தூக்கும் விசை இறக்கை முழுக்க இருக்கிறது, கீழே இழுக்கும் எடையும் அங்கேயே இருந்தால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அதை வளைக்கும் விசை குறைகிறது. பக்கத்துக்கு 58 கிலோ என்றால், எடை நாலு மடங்காகும் 4 ஜி திருப்பத்தில் 230 கிலோ அளவுக்கு இறக்கையைக் கீழே பிடித்துக்கொள்ளும். இதன் மறுபக்கத்தை மறக்கக் கூடாது: ஆட்களும் சாமானும் நிறைந்து டேங்க் காலியாக இருக்கும் நிலைதான் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்தரத்துக்கு, மிகக் கடினமான நிலை. வலிமைக் கணக்கை அந்த நிலைக்குப் போடுங்கள். 1986-ல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் 17 டேங்க்குகள் இருந்தன. எட்வர்ட்ஸ் ஓடுபாதையில் அது கிளம்பியபோது பெட்ரோல் கனத்தில் இறக்கை நுனிகள் தொங்கித் தரையில் உரசித் தேய்ந்தன. பறக்கும்போது உதவுகிற அதே எடை தரையில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

ஈர்ப்பு மையமும் நகரும். முன்விளிம்பு டேங்க்கின் நடு, விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சுமார் 15 செ.மீ. முன்னால் விழும் என்று வைத்துக்கொள்வோம். காலி டேங்க், இரண்டு ஆட்களோடு விமானம் 600 கிலோ என்றால், முழு டேங்க்கும் எரிந்து முடிக்கையில் மையம் கிட்டத்தட்ட 3 செ.மீ. பின்னால் போயிருக்கும். கிளம்பும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது வெளியே போகலாம். பின்னால் பெட்டி படுக்கை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். கிளம்பும் நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

கொள்ளளவை இப்படிப் பாருங்கள். இறக்கையின் அகலம் 1.5 மீட்டர், தடிமன் அதில் 13 சதவீதம், முதன்மை ஸ்பார் கால்வாசியில் இருக்கிறது என்றால், ஸ்பாருக்கு முன்னால் உள்ள மூக்குப் பகுதியின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.056 சதுர மீட்டர். அதாவது இறக்கை நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 56 லிட்டர். ரிப் (இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் தகடு), குழாய், சீலன்ட் இவற்றுக்கு ஒரு பங்கு போகும். பெட்ரோல் விரிய இடம் வேண்டும். சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பழைய ‘பகுதி 23’ விதிகளில் இதற்கு 2 சதவீதம் கேட்டிருந்தார்கள். காரணம் எளிது: பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த குளிர்ந்த 80 லிட்டர், வெயிலில் 20 டிகிரி ஏறினால் ஒன்றரை லிட்டருக்குமேல் கூடிவிடும். அப்புறம் அடியில் தங்கிப் பயன்படாமல் போகும் கொஞ்சம். எல்லாம் கழித்தால் உங்கள் 80 லிட்டருக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் நீளம் தேவை. அந்த எஞ்சின் நிதானமாகப் பறக்கையில் மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 160 லிட்டர் ஐந்து மணி நேரம் வரும். ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக விட்டாலும் நாலு மணி. முதுகும் சிறுநீர்ப்பையும் அதற்கு முன்பே இறங்கச் சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள், ஆர்வி-7-ல் இரண்டு பக்கமும் சேர்த்து 42 அமெரிக்க காலன், அதாவது 159 லிட்டர்தான்.

வெல்டிங் பெட்டியை நான் மட்டம் தட்டவில்லை. ஜெனித் விமானங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. 5052 அலுமினியத் தகட்டில் செய்ய வேண்டும். 2024 வெல்டிங்குக்கு ஆகாது. 6061-டி6 வெல்டிங் செய்த இடத்தில் வலுவை இழந்துவிடும். பெட்டியை ரிப்போடு போல்ட் போட்டு இறுக்கினால் இறக்கை நெளிகிற ஒவ்வொரு முறையும் வெல்டிங் ஓரம் வேலை செய்து ஒருநாள் விரிசல் விடும். பட்டையில் தொங்கவிட்டு, நடுவில் தக்கையோ ரப்பரோ வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கம்பளித் துணி வேண்டாம், அதன் அடியில் தகடு அரித்துப்போகும். பெட்டி இருக்கும் அறைக்கு அடியில் ஒரு வடிகால் துளையும் வேண்டும், கசிந்தால் வெளியே தெரியட்டும். இதில் இடம் வீணாவதும், இரட்டைத் தகடு எடையும்தான் எனக்குப் பிடிக்காதவை. நல்ல வெல்டர் பக்கத்தில் இருந்தால், ரிவெட்டும் பிசினும் உங்களுக்கு ஒத்துவராது என்றால், தயங்காமல் இந்த வழியில் போங்கள்.

கண்ணாடி இழை இறக்கை என்றால் கதை வேறு. அதை ஒரு வரியில் விடுகிறேன்: சில இறக்கைகளின் உள்ளே நிரப்பியிருக்கும் பாலிஸ்டைரீன் நுரையைப் பெட்ரோல் சர்க்கரைப் பாகுபோலக் கரைத்துவிடும், அதனால் அத்தகைய இறக்கையில் கசிவு என்பது வெறும் கறை இல்லை, உள்ளே இறக்கையே காணாமல் போகிறது.

இனி முன்விளிம்பு டேங்க்கின் அமைப்பு. மேல் தகடும் கீழ் தகடும் ஒரே தகடாக மூக்கைச் சுற்றி வளைகின்றன. உள்ளே ரிப்புகள். பின்னால் ஸ்பாருக்கு முன்பாக ஒரு தனித் தடுப்புத் தகடு. இந்தத் தடுப்புத் தகடுதான் முக்கியம். ஸ்பாரையே பின்சுவராக வைத்துக்கொண்டால் எடை மிச்சம், ஆனால் டேங்க்கைக் கழற்ற முடியாது. தனிப் பின்சுவர் இருந்தால் தகட்டின் ஓரம் அதைத் தாண்டி இரண்டு விரல் நீட்டிக்கொண்டு ஸ்பாரின் மேல் உட்காரும், அங்கே வரிசையாக ஸ்க்ரூ. ஸ்க்ரூ துளைகள் எல்லாம் பெட்ரோல் படாத பகுதியில் விழுகின்றன. பின்சுவருக்கும் ஸ்பாருக்கும் நடுவில் இசட் வடிவப் பிடிகள். ஆர்வி விமானங்களில் இதே ஏற்பாடுதான். மூடி மறைக்கும் ஸ்க்ரூக்கள் என்று இவற்றை நினைக்க வேண்டாம். இறக்கையின் முறுக்கு விசையைத் தாங்குவது மூக்குப் பெட்டிதான் என்றால், அந்த விசை முழுக்க இந்த ஸ்க்ரூக்கள் வழியாகத்தான் ஸ்பாருக்குப் போகிறது. எண்ணிக்கையையும் இடைவெளியையும் கணக்குப் போட்டு வையுங்கள், அழகுக்காகக் குறைக்காதீர்கள். ஆர்வியில் டேங்க் தகடு 0.8 மி.மீ. தடிமன், அதற்கு வெளியே உள்ள முன்விளிம்புத் தகட்டைவிடக் கூடுதல்.

உள்ளே பெட்ரோல் எங்கே ஓடும் என்று யோசிக்கும்போது நுனியைத் தூக்கி வைத்திருக்கும் இறக்கைக் கோணத்தை மறக்க வேண்டாம். மூன்றரை டிகிரி என்றால் 1.5 மீட்டர் நீள டேங்க்கில் வெளிமுனை உள்முனையைவிடச் சுமார் 9 செ.மீ. உயரம். எனவே உறிஞ்சு குழாய் உள்முனையில், அடியில், பின்பக்க மூலையில். நிரப்பும் மூடியும் காற்று வந்துபோகும் வென்ட் குழாயின் வாயும் வெளிமுனையில், உச்சியில். ரிப்புகளின் கீழ் மூலைகளில் பெட்ரோல் வர வழி, மேல் மூலைகளில் காற்று போக வழி விடுங்கள். மேல் வழி இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையிலும் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு நிரம்பாது. உறிஞ்சு குழாய் இருக்கும் கடைசி அறையின் ரிப்பில் உள்ளே மட்டும் திறக்கும் சிறு கதவு ஒன்று வைப்பது நல்லது. பெட்ரோல் உறிஞ்சு குழாயை நோக்கி வரும், திரும்பிப் போகாது.

ஏன் இந்தக் கதவு? இறங்கும்போது ஒரு பக்கம் சரிந்து வழுக்கி வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி சரிவு. தாழ்ந்த பக்க இறக்கையில் மூன்றரை டிகிரி தூக்கலை இந்த 10 விழுங்கிவிடுகிறது. இப்போது வெளிமுனைதான் கீழே, 17 செ.மீ. பள்ளத்தில். டேங்க்கில் இருந்த கடைசி ஐந்து லிட்டரும் அங்கே ஓடிப்போய் நிற்கும், குழாய் காற்றை உறிஞ்சும். எஞ்சின் நிற்க மிக மோசமான இடம் அது. கதவு இருந்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் பெட்ரோல் குறைவாக இருக்கையில் வழுக்கி இறங்குவதாக இருந்தால் உயர்ந்து நிற்கும் இறக்கையின் டேங்க்குக்கு மாற்றிவிட்டு இறங்குங்கள்.

உறிஞ்சு குழாயின் முனையில் ஒரு வலைக்கூண்டு. பழைய விதிகள் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண் வரை என்றன. கரட்டு வலைதான். மெல்லிய வடிகட்டியை டேங்க்குக்குள் வைக்கவே வேண்டாம், அடைத்துக்கொண்டால் கை எட்டாது. குழாயைப் பிடிக்கும் நட்டு உள்ளே தளர்ந்தால் குழாய் மெல்லச் சுழன்று மேலே போய்விடும் அல்லது அந்த இணைப்பிலேயே காற்று நுழையும். அது சுழலாதபடி ஒரு சிறு பிடி வையுங்கள். மலிவான வேலை, மிகப் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

வென்ட் குழாய்க்கு வருவோம். புதியவர்கள் இதை ஒரு துளையாக நினைத்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் பெட்ரோல் வெளியே போகிறது என்றால் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் பம்ப் டேங்க்கையே நசுக்கும், இல்லை எஞ்சின் பட்டினி கிடக்கும். குழாய் வெளிமுனை உச்சியிலிருந்து டேங்க்குக்குள்ளேயே ஓடி உள்முனையில் வெளிவந்து, விமான உடலின் பக்கத்தில் டேங்க்கின் உச்சியைவிட உயரமாக ஒரு வளைவு ஏறி, பிறகு இறங்கி வயிற்றுக்கு அடியில் வெளிவர வேண்டும். அந்த உயர வளைவு இல்லாவிட்டால் சரிவான தரையில் நிறுத்திய இரவில் டேங்க் சொட்டிக்கொண்டே இருக்கும். வாய் முன்னால் பார்க்கட்டும். 150 நாட் வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் சுமார் 37 செ.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமம். அந்தத் தள்ளுதல் பம்புக்கு உதவும். பின்னால் பார்த்தால் அதே காற்று டேங்க்கை உறிஞ்சும். மூடி வைக்கும் இடமும் இதனால்தான் கவனம் கேட்கிறது. இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைவு, மூடியின் ரப்பர் வளையம் சரியில்லை என்றால் பெட்ரோல் அங்கிருந்தே பறந்துபோகும்.

வாய்க்கு வலை போடுங்கள், ஆனால் வலையை மட்டும் நம்பாதீர்கள். குளவிக்கு ஒரு விரல் கனமான குழாய் என்றால் கொள்ளைப் பிரியம். ஒரே வாரத்தில் மண் வைத்துப் பூசி உள்ளே புழுவை அடைத்துவிட்டுப் போய்விடும். ஊரில் பூட்டுத் துவாரத்தில் கூடு கட்டுகிற அதே ஆசாமியின் சொந்தக்காரர்கள் டெக்சாஸிலும் உண்டு. குழாயின் வழியில், காற்று படாத, விமானத்தின் கூட்டுக்குள் இருக்கும் இடத்தில், ஊசி முனை அளவு மாற்றுத் துளை ஒன்று போட்டுக்கொள்வார்கள். அதை அறைக்குள் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் ஆவி ஆட்கள் இருக்கும் பக்கம் வரக் கூடாது.

சரி, அடைக்கும் வேலை. பாலிசல்ஃபைடு சீலன்ட், எல்லோரும் புரோசீல் என்றே சொல்வது. இரண்டு பொருள்: வெள்ளைக் குழம்பு, கறுப்புக் குழம்பு. எடையில் 10-க்கு 1. நகைக்கடையில் பார்க்கும் மாதிரி ஒரு சிறு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம். வெள்ளைக் கோடு ஒன்றுகூடத் தெரியாதவரை கிளறுங்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும், கையில் பட்டால் மூன்று நாள் போகாது, காரின் ஸ்டியரிங், கதவுக் கைப்பிடி, தலைமுடி எல்லாவற்றிலும் அது எப்படியோ வந்து ஒட்டியிருக்கும். பழைய சட்டை, கையுறை இரண்டு அடுக்கு. பி-2 என்ற வகையில் அந்த 2 என்பது 25 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யக் கிடைக்கும் மணி நேரம். 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும், காற்றில் ஈரம் கூடினாலும் குறையும். ஆகஸ்ட் மாத ஹாங்கரில் 35 டிகிரியில் எனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அதனால் 30, 40 கிராமாகக் கலந்துகொள்ளுங்கள். ஒரே மூச்சில் டேங்க் முழுவதையும் முடிக்க நினைத்தால் பாதி வேலையில் கிண்ணத்துக்குள் ரப்பர் பந்து இருக்கும்.

பிடிப்புக்குப் பிசினைவிடத் தகட்டின் சுத்தம்தான் முக்கியம். எல்லாத் துளைகளையும் போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் துளைகளில் தற்காலிகமாகப் பிடிக்கும் கிளீக்கோ ஊசிகளால் முழு டேங்க்கையும் ஒருமுறை உலர்ந்த நிலையில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். ஒட்டும் பரப்பைச் சுரண்டும் பஞ்சால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். பிறகு எம்.இ.கே. கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அப்படியே திரும்பத் தகட்டில் படியும். துணி வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப. கதவைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி உடம்புக்கு நல்லதல்ல.

பிசின் மூன்று இடத்தில் போகிறது. தகடும் ரிப்பும் ஒன்றோடொன்று படும் பரப்பில் மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடிக்க வேண்டும், ஒவ்வொரு ரிவெட்டையும் குழம்பில் தொட்டு எடுத்து. அப்புறம் உள்பக்க மூலை நெடுக ஒரு குழிவான வரப்பு, ஐஸ் குச்சியின் வட்ட முனையால் இழுத்துவிட்டால் அழகாக வரும். கடைசியாக உள்ளே தெரியும் ஒவ்வொரு ரிவெட் தலைக்கும் ஒரு தொப்பி. உண்மையில் பெட்ரோலைத் தடுப்பது அந்த வரப்புதான். மற்றவை அதற்குத் துணை.

எது கசியும் என்று கேட்டால் நான் மூன்று இடத்தைக் காட்டுவேன். ஓர ரிப்பின் மூக்கு: ரிப்பின் மடிப்பு முன்விளிம்பின் வளைவு வரை போகாது, அங்கே ஒரு சிறு இடைவெளி நிற்கும். அதற்கு ஒரு சிறு தகட்டை வெட்டி உள்ளிருந்து ஒட்டுங்கள். அடுத்தது ரிப், தகடு, பின்சுவர் மூன்றும் சந்திக்கும் மூலை. பின்சுவரைக் கடைசியாகத்தான் மூடுவோம், மூடியபின் உள்ளே கண் போகாது, கையும் போகாது. எனவே ரிவெட் வரிசைக்குச் சற்று உள்ளே தகட்டில் தாராளமாக ஒரு வரப்பு வைத்து, பின்சுவரை இறக்கும்போது அது வரப்பைத் தள்ளிக்கொண்டு போகும்படி செய்ய வேண்டும். மூலைகளில் இன்னும் ஒரு கரண்டி. கஞ்சத்தனம் காட்டும் இடம் இது இல்லை. அதோடு பின்சுவரில் பிடிகளுக்கு அடிக்கும் பாப் ரிவெட்டுகள் அடி மூடிய வகையாக இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கிறது என்பது அடித்து முடித்த பிறகுதான் சிலருக்கு ஞாபகம் வருகிறது. மூன்றாவது, உள்முனை ரிப்பில் அளவுமானியும் உறிஞ்சு குழாயும் வரும் கை நுழையும் மூடி. தக்கை வளையம் போடுவதைவிட அதே சீலன்ட்டைப் பூசி இறுக்குவது எனக்கு ஒத்துவந்தது. திறக்கும்போது மெல்லிய கத்தி செலுத்திச் சிரமப்பட வேண்டும், அவ்வளவுதான்.

என் டேங்க் கசிந்தது முதல் இடத்தில். மூக்குத் தகட்டை ஒட்டியபோது இருட்டிவிட்டது, மறுபடி துடைக்காமல் பூசினேன். மூன்றாம் நாள் கீழ்த்தகட்டில் பெட்ரோலின் நீலக் கறை. உள்ளே ஊற்றி உருட்டிப் பூசும் திரவச் சீலன்ட் பற்றிப் படித்திருப்பீர்கள். வேண்டவே வேண்டாம். பழைய டேங்க்குகளில் சில வருடம் கழித்து அது தோல் தோலாக உரிந்து வலைக்கூண்டில் போய்ச் சுற்றிக்கொண்ட கதைகள் நிறைய. நான் ஸ்க்ரூக்களைக் கழற்றி டேங்க்கை மேசைக்குக் கொண்டுவந்து, பின்சுவரில் கை போகும் அளவு வட்டம் வெட்டி, பழைய பிசினைச் சுரண்டி, சுத்தம் செய்து புதிதாகப் பூசி, வட்டத்தை ஒரு தகட்டால் மூடினேன். டேங்க் கழற்ற முடியாததாக இருந்திருந்தால் அந்த வட்டத்தை இறக்கையின் மேல்தகட்டில்தான் வெட்டியிருப்பேன்.

ஒரே ஒரு ரிவெட் மட்டும் வியர்க்கிறது என்றால் வேறு வழி உண்டு. டேங்க்கைக் காலி செய்து, ஆவி போக்கி, உள்ளே மிக லேசான உறிஞ்சலைக் கொடுத்து, வெளியிலிருந்து லாக்டைட் 290 என்ற நீர்த்த பிசின் ஒரு சொட்டு வைத்தால் அது இடுக்கில் தானே ஊடுருவிப் போகும்.

சோதனைக்கு கம்ப்ரெசரை நேராக மாட்டாதீர்கள். ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் 1.5 மீட்டருக்கு 38 செ.மீ. தகட்டின் மேல் அது 400 கிலோ விசை. டேங்க் பூரி மாதிரி உப்பிய பிறகு அதை யாரும் சரிசெய்ய முடியாது. பலூன் மாட்டுகிறவர்கள் உண்டு, டேங்க் உப்புவதற்கு முன் பலூன் உப்பும் என்பதால் பத்திரம். எனக்குப் பிடித்தது தண்ணீர் ஊற்றிய ஒளி ஊடுருவும் யு குழாய். 70 செ.மீ. உயர வித்தியாசம் ஒரு பிஎஸ்ஐ. அதைத் தாண்டினால் தண்ணீர் வெளியே தெறித்துவிடும், அதுவே பாதுகாப்பு வால்வு. டிரெய்ன் வால்வ் வழியாக சைக்கிள் பம்பால் மெதுவாக ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி மெல்லத்தான் வரும், காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். இரவு மட்டத்தைக் குறித்துவிட்டுப் போனால் காலையில் இறங்கியிருக்கும், கசிகிறது என்று மனம் உடையும். மூடிய காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் மட்டுமே மூன்றரை செ.மீ. தண்ணீர் இறங்கும். ஐந்து டிகிரிக்கு 17 செ.மீ. வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும் நகரும். ஆகவே வெப்பநிலையையும் சேர்த்து எழுதிவையுங்கள், மறுபடி அதே வெப்பம் வரும்போது மட்டம் அதே இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டேங்க் நல்லது.

அளவுமானிக்கு மிதவை போதும். பெட்ரோல், காற்று இரண்டின் மின்தேக்கு வித்தியாசத்தைப் படிக்கும் தகடுகளும் கிடைக்கின்றன, ஆனால் எத்தனால் கலந்தால் அவை பொய் சொல்லும். பெட்ரோலின் மின்தன்மை எண் 2 என்றால் எத்தனாலுக்கு 24-க்கு மேல். இந்தியாவில் பங்கில் கிடைப்பது இப்போது 20 சதவீத எத்தனால் கலந்தது என்பதால் அங்கே கார் பெட்ரோலில் பறக்க நினைப்பவர்கள் இதையும், ரப்பர் வளையங்களையும், கண்ணாடி இழை டேங்க்கின் பிசினையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மிதவையோ தகடோ, விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்தி ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கை நுனி உயர்ந்திருப்பதால் உள்முனையில் உள்ள மிதவை டேங்க் நிறைவதற்கு முன்பே கூரையைத் தொட்டுவிடும். அதன்பின் ஊற்றும் பல லிட்டருக்கு முள் அசையாது. அது கோளாறு இல்லை.

தாழ்ந்த இறக்கையில் 'இரண்டும்' என்ற நிலை உள்ள தேர்வு வால்வு வேண்டாம். மேல் இறக்கை விமானத்தில் பெட்ரோல் தானாக இறங்குகிறது. இங்கே பம்ப் உறிஞ்சுகிறது. ஒரு டேங்க் காலியானால் பம்ப் அந்தப் பக்கத்துக் காற்றையே குடிக்கும், மறுபக்கம் நிறைந்திருந்தும் பயனில்லை. இடது, வலது, மூடல், அவ்வளவே. அந்தக் கைப்பிடி, இருக்கைப் பட்டையைத் தளர்த்தாமல், பார்க்காமல், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்த லாங்-ஈஇசட் விமானம் சொந்தமாகக் கட்டப்பட்டது. அதைக் கட்டியவர் கைப்பிடியை வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும், திருப்பும்போது வலது கால் மிதியை அழுத்திவிடும். பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியிலும் அளவுக் குறிகள் இல்லை. விசாரணை வாரியம் விமானியின் கவனம் சிதறியதையும் கிளம்பும் முன் பெட்ரோல் நிரப்பாததையும் காரணமாகக் குறிப்பிட்டது, அதோடு இந்தக் கைப்பிடியின் இடத்தையும் துணைக் காரணங்களில் எழுதியது.

குழாய் இணைப்புகளில் குழாய் முனையை விரித்துவிடும் கோணம் விமான வகையில் 37 டிகிரி, கார்க் கடையில் கிடைப்பது 45. இரண்டும் ஒன்றோடொன்று ஏறும், இறுகின மாதிரியும் தோன்றும், ஆனால் அடைக்காது. மரைகளுக்கு டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள், நறுங்கிய துண்டு வடிகட்டிக்குப் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஓட்டச் சோதனை. விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். டேங்க்கில் நாலைந்து லிட்டர் மட்டும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு மின்பம்பைப் போடுங்கள். பழைய விதி, பம்ப் இருந்தால் எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைப்போல் 125 சதவீதம், தானாக இறங்கினால் 150 சதவீதம் வர வேண்டும் என்றது. உங்கள் எஞ்சினுக்கு முழு வேகத்தில் மணிக்கு 50 லிட்டருக்குச் சற்று மேல் என்றால் வாளியில் நிமிடத்துக்கு 1.1 லிட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், விமானத்தையும் வாளியையும் கம்பியால் இணைத்து நிலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விடாமல் ஓடவிட்டு, குழாய் முதல்முறை விக்கும்போது நிறுத்துங்கள். டேங்க்கில் மீந்திருப்பதை டிரெய்ன் வால்வ் வழியாக வடித்து அளந்துகொள்ளுங்கள். மூக்கைத் தாழ்த்தி இறங்கும் கோணத்திலும் ஒருமுறை செய்யுங்கள், இரண்டில் பெரிய எண்ணை எடுத்து, வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக, தேர்வு வால்வின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.